மலை ஊர் நூலகத்துக்கு உலக வரலாற்றுப் பார்வை நூல்கள்: வாங்குவதும் வைத்துக் காப்பதும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு அறை, ஏழு இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை. வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். மீதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், சாயங்காலம் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்கள். குன்னூரிலும் கூடலூரிலும் படிப்பகம் நடத்தும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற ஒரு விஷயம், நவீன உலக வரலாற்றுக்கு என்னென்ன பார்வை நூல்கள், அதாவது இரவல் தராமல் நூலகத்திலேயே வைத்துத் தேடிப் பார்க்கும் நூல்கள், வாங்கலாம் என்பது. அவர்களுக்குச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் ஒரு விற்பனையாளர் பன்னிரண்டு தொகுதி உலக வரலாற்றுக் களஞ்சியம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். அந்த வருஷத்துப் பணம் முழுக்க அதற்கே போய்விட்டது. அடுத்த மாதம் ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண் வந்தாள். "அக்கா, சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம்னு எங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று கேட்டாள். பன்னிரண்டு தொகுதியையும் மேசையில் பரப்பித் தேடினோம். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டும் பொருளடைவு கடைசித் தொகுதியில்கூட இல்லை. இலங்கைக்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தார்கள், அதிலும் பாதி ஒரு விகாரையின் படம். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அப்பா அந்த ஒப்பந்தத்தில் வந்தவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அப்புறம் இந்த மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்தார். அதனால் அந்தப் பெண்ணுக்கு என்னால் வாயால் சொல்ல முடிந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் நடுவில் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இத்தனையும் சொன்னேன். ஆனால் நூலகர் வாயால் சொல்வது சான்று ஆகாது. அவள் புத்தகத்தைப் பார்த்து, பக்க எண்ணோடு எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். அன்றைக்கு அதை என்னால் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் பார்வை நூலை வாங்கப் போனாலும், விடை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த நாலு கேள்வியைக் கையில் கொண்டு போவேன். தெரியாததைத் தேடிப் பார்த்தால் நூலின் தரம் தெரியாது, எதைச் சொன்னாலும் சரிதான் என்று தோன்றும். தெரிந்ததைத் தேடினால்தான் எங்கே விட்டிருக்கிறார்கள், எங்கே அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று உடனே கண்ணில் படும்.

முதல் கேள்வி இந்த 1964 ஒப்பந்தம். இரண்டாவது, சயாம்–பர்மா ரயில் பாதை. 1942-43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் அங்கே பட்ட பாட்டை எல்லா நூலும் சொல்லும். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களைச் சொல்கிறதா என்று பாருங்கள். அங்கே செத்தவர்களில் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகம். அதை விட்டுவிட்ட நூல், யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது அந்த ஒரு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, 1943 வங்காளப் பஞ்சம். இறந்தவர்கள் 15 லட்சம் என்று அன்றைய அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னது. அமர்த்தியா சென் கணக்கு 30 லட்சத்தை ஒட்டி வருகிறது. நல்ல பார்வை நூல் ஒரு எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகாது, யார் சொன்ன எண் என்பதையும் சேர்த்துச் சொல்லும். பஞ்சம் என்ற தலைப்பே இல்லாத இரண்டாம் உலகப்போர்க் களஞ்சியங்களும் உண்டு, அவற்றை அப்படியே திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாலாவது கேள்வி சின்னது. இரண்டாம் உலகப்போர் எப்போது தொடங்கியது? 1939 செப்டம்பர் 1 என்று எல்லாரும் எழுதுவார்கள். அதோடு 1937 ஜூலையில் சீனாவில் ஜப்பான் தொடங்கிய போரையும் சேர்த்துச் சொல்கிற நூலுக்கு ஆசியாவும் கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நாலுக்கும் விடை உள்ள நூல் கிடைப்பது அபூர்வம். இரண்டு இருந்தால் வாங்குவேன். உங்கள் ஊருக்கு உங்கள் கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் நூலகம் வைத்திருப்பவருக்கு வேறு கேள்வி இருக்கும்.

அடுத்து பொருளடைவு. நூலைக் கையில் எடுத்ததும் முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொருளடைவு இல்லாத பார்வை நூல் பூட்டிய பெட்டி மாதிரி. இருந்தாலும் போதாது. 'இந்தியா' என்ற சொல்லுக்கு எதிரே வெறுமனே நாற்பது பக்க எண்களை வரிசையாகக் கொட்டியிருந்தால் அதில் யாரும் தேட மாட்டார்கள். 'இந்தியா: பிரிவினை', 'இந்தியா: முதல் உலகப்போரில் படைவீரர்கள்' என்று உள்தலைப்பு பிரித்திருக்க வேண்டும். பல தொகுதி என்றால் பொருளடைவு தனித் தொகுதியாக வரும். பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது அந்தத் தொகுதிதான் முதலில் காணாமல் போயிருக்கும். அதை எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, எந்த எந்த வகை வேண்டும்? பணம் குறைவாக இருக்கிற நூலகத்துக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில், தமிழ்நாட்டுப் பாடநூல்கள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, தமிழிலும் ஆங்கிலத்திலும். பத்தாம் வகுப்பு வரலாறே முதல் உலகப்போரில் ஆரம்பித்து, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம் வரை நாலு பாடத்தில் கொண்டுபோகிறது. இதைப் பார்வை நூல் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் எங்கள் மேசையில் அதிகம் தேய்ந்த புத்தகம் இதுதான். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் பொது அறிவு முதல் தாளில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு இருக்கிறது. தொழிற்புரட்சி, உலகப்போர்கள், எல்லைகள் மாறியது, காலனி ஆதிக்கம், அது முடிந்தது, கம்யூனிசம், முதலாளித்துவம் எல்லாம் வரும். அதற்குப் படிக்கிறவர்களும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, ஒரே தொகுதியில் அடங்கும் வரலாற்று அகராதி ஒன்று. மூன்றாவது, வரலாற்று நிலப்படத் தொகுப்பு. நாலாவது, ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைச் சொல்லும் காலவரிசை நூல். வாழ்க்கை வரலாற்று அகராதி கடைசியில் வரட்டும், அந்தத் தேவையைக் கைப்பேசியே முக்கால்வாசி தீர்த்துவிடுகிறது. பெரிய பொதுக் களஞ்சியங்களுக்கு இன்று பணம் போட வேண்டாம். பிரிட்டானிக்கா அச்சில் வருவது 32 தொகுதிகள் கொண்ட 2010 பதிப்போடு நின்றுவிட்டது. யாராவது கொடையாகக் கொடுத்தால் வாங்கி வையுங்கள். நாடுகளைப் பற்றிய ஆண்டு நூல்களை ஒவ்வொரு வருஷமும் வாங்கத் தேவையில்லை, ஐந்து வருஷத்துக்கு ஒன்று போதும். ஆனால் பழையதைக் கழிக்காதீர்கள். 1864 முதல் வந்துகொண்டிருக்கும் 'ஸ்டேட்ஸ்மன்ஸ் இயர்புக்' மாதிரியான நூலில் 1950-களின் ஒரு பிரதி கிடைத்தால், அன்றைய சிலோனும் பர்மாவும் மலாயாவும் அன்றைய கணக்கோடு அப்படியே இருக்கும்.

எங்கள் மலைக்கு நான் கட்டாயம் என்று சொல்வது இன்னொன்று. பிரிஜ் லால் பதிப்பித்து 2006-ல் வந்த, புலம்பெயர்ந்த இந்தியர்களுக்கான களஞ்சியம். இலங்கை, மலேசியா, பிஜி, தென்னாப்பிரிக்கா என்று நாடுவாரியாகப் போகிறது. விலை கொஞ்சம் கூடத்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் பிறந்த தாத்தாக்கள் இருக்கிற ஊரில் அந்தச் செலவு நியாயமானது என்பது என் எண்ணம்.

நேருவின் உலக வரலாற்றுக் கடிதங்களைப் பல இடங்களில் பார்வை நூல் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகளுக்கு எழுதியது அது. வீட்டுக்கு எடுத்துப் போய், படுத்துக்கொண்டு படிக்க வேண்டிய புத்தகம். இரவல் பகுதிக்கு மாற்றுங்கள்.

நிலப்படத் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே பங்களாக்களைக் காலி செய்யும்போது பழைய அட்லஸ்கள் நிறைய நூலகத்துக்கு வரும். பாதிக்கு முகப்புப் பக்கம் இருக்காது, எந்த வருஷம் என்று தெரியாது. வருஷம் தெரியாத நிலப்படத்தைப் பார்வை நூலாக வைக்கக் கூடாது. ஆனால் வருஷத்தை நாமே கண்டுபிடிக்கலாம். மூன்று வருஷம் முன்னால் ஒரு நவம்பர் மழை நாளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்தோம். பாகிஸ்தான் இரண்டு துண்டாக இருந்தது. ஆகவே 1947-க்குப் பின், 1971-க்கு முன். இலங்கைக்குச் சிலோன் என்று போட்டிருந்தது, அது 1972 வரை பொருந்தும், அதனால் உதவவில்லை. ஆப்பிரிக்காவுக்குப் போனோம். கானா தனி நாடாக இருந்தது, அப்படியானால் 1957 மார்ச்சுக்குப் பின். நைஜீரியா பிரிட்டன் நிறத்திலேயே இருந்தது, அப்படியானால் 1960 அக்டோபருக்கு முன். அப்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எகிப்தையும் சிரியாவையும் காட்டி, "அக்கா, ரெண்டும் ஒரே கலர்ல இருக்கு, ஒரே பேரு போட்டிருக்கு" என்றான். ஐக்கிய அரபுக் குடியரசு. 1958 பிப்ரவரியில் சேர்ந்தார்கள், 1961-ல் பிரிந்தார்கள். கடைசியாகக் கினி. 1958 அக்டோபர் 2 அன்று பிரான்சிடமிருந்து விடுதலையான நாடு, நிலப்படத்திலோ இன்னும் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஆக, அந்தப் படத்தை வரைந்தது 1958 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் நடுவில். எட்டு மாத இடைவெளிக்குள் பிடித்துவிட்டோம். அட்டையில் 'உலகம், 1958' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதை எடுத்துக் காட்டுகிறேன்.

புதிய அட்லஸ் வாங்கும்போதும் இதே வழிதான். தெற்கு சூடான் தனியாக இருக்கிறதா? 2011 ஜூலையில் பிறந்த நாடு. இல்லையென்றால் அது பழைய அச்சு, புது அட்டை மட்டும் போட்டிருக்கிறார்கள். வரலாற்று அட்லஸில் இன்னொன்று பார்க்க வேண்டும். 1500-க்குப் பிறகு வரும் படங்களில் எத்தனை ஐரோப்பாவை நடுவில் வைத்தவை, எத்தனை இந்தியப் பெருங்கடலை நடுவில் வைத்தவை என்று எண்ணிப் பாருங்கள். 1978-ல் பாராக்ளோ பதிப்பித்த டைம்ஸ் உலக வரலாற்று அட்லஸ் இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். அதன் பின்னால் வந்த பதிப்புகள் பழைய கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள். வெளிநாட்டு அட்லஸ்களில் இந்திய எல்லை நம் அரசு வரைபடத்தோடு ஒத்துப் போகாது, எல்லைக்கு இந்திய நில அளவைத் துறையின் படத்தைப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராக வைத்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. பிரெஞ்சுப் புரட்சியோ வியன்னா மாநாடோ தேடினால் தெளிவான தமிழில் கிடைக்கும். ஆனால் அது முடிந்தபோது வங்கதேசம் பிறக்கவில்லை, வியட்நாம் போர் முடியவில்லை. அலமாரியில் '1968 வரை' என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். அச்சுப் பிரதி இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே இருக்கிறது.

அதற்குப் பிந்தைய உலகத்துக்கு நாம் பெரும்பாலும் ஆங்கில நூல்களையே நம்ப வேண்டியிருக்கிறது. பிள்ளைகளோ தமிழில் கேட்கிறார்கள். இதற்கு நான் செய்தது ஓர் அட்டைப்பெட்டி. செருப்புப் பெட்டி அளவு மரப்பெட்டியில் தமிழ் அகர வரிசைப்படி அட்டைகள். 'பனிப்போர்' என்று ஓர் அட்டை, அதன் கீழே எந்த நூல், எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம். பாடநூலில் வரும் எழுத்துக்கூட்டலையே தலைச்சொல்லாக வைக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள். ஒரே ஊருக்கு வெர்செயில்ஸ், வெர்சேல்ஸ், வெர்சாய் என்று மூன்று எழுத்து இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பிறகு வந்த அமைப்பு பாடநூலில் பன்னாட்டுச் சங்கம், பழைய நூல்களில் சர்வதேச சங்கம். மற்ற எழுத்துகளுக்கு 'இங்கே பார்க்க' என்று ஒரு வெற்று அட்டை போட்டால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து அட்டை என்று எழுதினேன், இரண்டு வருஷத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. இந்த நூலகத்தில் நான் செய்த வேலைகளிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான்.

எந்த நூலிலும் கிடைக்காததற்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். 1964 ஒப்பந்தம் என்பது இரண்டு பிரதமர்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான். அதை அச்செடுத்து, கீழே தமிழில் சுருக்கம் எழுதி, துளையிட்டுக் கோத்திருக்கிறேன். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டமும் அதில் இருக்கிறது. தாத்தாக்கள் கொண்டுவந்து காட்டும் பழைய கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் சம்மதித்தால் நகல் எடுத்துக்கொண்டு அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அடுக்கும் எண்ணுக்கு நிறைய யோசிக்க வேண்டாம். நூல்களுக்குப் பாடவாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் உலக வரலாறு 909, ஐரோப்பா 940, இலங்கை 954.93, பர்மா 959.1, தென்னாப்பிரிக்கா 968. பார்வை நூலுக்கு முன்னால் ஓர் அடையாள எழுத்து போட்டால் இரவலில் கலக்காது.

இனி ஈரம். கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். பார்வை நூல்கள் பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் வருகின்றன. அந்தத் தாளின் வழவழப்பு களிமண் பூச்சால் வருவது. ஈரம் பட்டால் பூச்சு இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். நான் வாங்கிய அந்தப் பன்னிரண்டு தொகுதியில் மூன்று, கூரை ஒழுகிய ஒரு சனி ஞாயிறில் செங்கல் மாதிரி ஆகிவிட்டன. திங்கட்கிழமை நான் பார்த்தபோது ஓரங்கள் காய ஆரம்பித்திருந்தன. பிரித்தபோது பாதிப் படம் இந்தப் பக்கத்திலும் பாதிப் படம் அந்தப் பக்கத்திலுமாகக் கிழிந்து வந்தது. இப்படி நனைந்தால் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் மெழுகுத் தாள் வைத்து, காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே நூல் சாதாரணத் தாளிலும் ஆர்ட் பேப்பரிலும் கிடைத்தால் எங்கள் மாதிரி ஊருக்குச் சாதாரணத் தாளே நல்லது.

அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும், வெளிச்சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ பார்க்க அழகு, உள்ளே பூசணம் வளர்க்கும். நூல்களை இறுக்கி அடுக்காமல் விரல் நுழையும் இடம் விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பூசணம் வந்துவிட்டால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளித்திண்ணையில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். அறைக்குள் தட்டினால் மற்ற நூல்களுக்கும் பரவிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வரும் நல்ல வெயில் நாட்களில் ஒவ்வொரு அலமாரியாகக் காலி செய்து, நிழலில் விரித்து வைத்து எடுப்பேன்.

வாங்கும் இடம் என்றால், ஜூலையில் கோயம்புத்தூர் கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழா, அப்புறம் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். கேள்விச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நின்று நிதானமாகத் தேடிப் பார்க்க விடுகிற கடைக்காரரிடம் வாங்குங்கள்.

மேசையின் ஓரத்தில் கயிற்றில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு தொங்குகிறது. எங்கள் நூல்களில் விடை கிடைக்காத கேள்வியைக் கேட்டவரே அதில் எழுதிவிட்டுப் போவார். அடுத்த வருஷம் என்ன வாங்குவது என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். இப்போதைக்கு அதில் கடைசியாக இருப்பது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதியது: 'போயர் போரில் பிடிபட்டவர்களை நம்ம கேத்திக்கு ஏன் கொண்டுவந்தார்கள்?' 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போர் அது. எங்கள் அலமாரியில் 968-க்கு ஒரு நூல்கூட இல்லை. இந்த ஜூலையில் அதை வாங்கப் போகிறேன்.